பஃபர் கூடத்தில் அக்கா

கம்ப்யூட்டர் சர்வருக்குள் நுழைந்ததும் இடது பக்கம் இருக்கும் பெரிய கூடம் ஆவுடையம்மாளின் பொறுப்பு. பஃபர் கூடம் என்பார்கள். வரிசை வரிசையாகப் பெஞ்சுகள், பெஞ்சுகள் நிறைய ஆட்கள். யாரை உட்கார வைப்பது, யாரை எழுப்பி விடுவது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. பல வருஷமாகப் பார்க்கிறாள். ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

கட்டடத்துக்குக் கீழே டிஸ்க் இருந்தது. டிஸ்க் என்பது வட்டமான ஓர் ஊர். எல்லோருக்கும் வீடு அங்கேதான். ஊர் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். குடியிருக்கிறவர்கள் யாருக்கும் தலை சுற்றியதாகத் தகவல் இல்லை.

மேலே கவுண்டருக்குப் புரோகிராம்கள் வருவார்கள். பென்ஷன் புரோகிராம், ரேஷன் புரோகிராம், சம்பளப் புரோகிராம் என்று ஆளுக்கொரு நிறத்தில் சட்டை. வந்து ஒரு பெயரைச் சொல்வார்கள். லிப்டில் இறங்கி, அந்தப் பெயருக்கு உரியவரின் வீடு சுற்றிக்கொண்டு லிப்ட் வாசலுக்கு வரும்வரை நின்று, அவருடைய நகல் ஒன்றைக் கையைப் பிடித்து ஏற்றி வரவேண்டும். சில சமயம் வீடு வந்து சேரும், ஆள் குளித்துக்கொண்டிருப்பார். அடுத்த சுற்று வரை நிற்க வேண்டியதுதான்.

இப்படிப் பாடுபட்டுக் கொண்டுவந்த ஆளைக் காரியம் முடிந்ததும் விரட்டிவிட எந்த மடையனுக்கும் மனசு வராது. இன்னொரு புரோகிராம் வந்து அதே பெயரைச் சொன்னால் மறுபடி யார் இறங்குவது? அதனால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். கூப்பிட்டால் எழுந்து வந்து நிற்பார், கண் மூடித் திறப்பதற்குள். பெஞ்சுகள் நிறைந்து போய் இன்னொருவருக்கு இடம் தேவைப்பட்டால், ரொம்ப நேரமாக யாருமே கூப்பிடாத ஆள் எழுந்திருக்க வேண்டும். எழுந்ததும் மறைந்துவிடுவார். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அசல் ஆள் கீழே வீட்டில் பத்திரமாக இருக்கிறார்.

ஆகையால் கூடம் எப்போதும் நிரம்பி வழிந்தது. ஆவுடைக்கு அது பெருமை. ஞானதுரை சாருக்கு அது ஆகவே ஆகாது.

ஞானதுரை சார் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நிர்வாகி. கட்டடம் முழுக்க அவர் சொன்னபடிதான் நடக்கும். கூடம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்ற சதவீதம் அவர் நெற்றியில் ஓடிக்கொண்டிருக்கும். தன் நெற்றியைத் தானே பார்க்க முடியாத குறை அவருக்கு உண்டு. எதிரில் வருகிறவர்களை நிறுத்திக் கேட்பார்.

"எவ்வளவு?"

"தொண்ணூத்தி ஆறு சார்."

"என்ன கலர்?"

"சிவப்பு சார்."

"சிவப்புன்னா சிவப்பா, இல்ல லேசாவா?"

"நல்ல சிவப்பு சார்."

கேட்டுவிட்டு முகம் கறுத்துப் போய்விடுவார். நிறைந்திருந்தால் என்ன, இடம் கேட்டு யாராவது வந்தால் அந்த நிமிஷமே எழுப்பி விடுகிறோமே என்று ஆவுடை அவரிடம் பல தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. காலி இடம் என்றால் அவருக்கு உயிர். வீட்டில் பாதி அறைகளில் ஒரு நாற்காலிகூடப் போடாமல் வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார் என்று பேச்சு.

அன்றைக்குக் காலையில் பென்ஷன் புரோகிராம் வந்து, "சண்முகவடிவு" என்றார்.

ஆவுடை தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். சண்முகவடிவு அவளுடைய கூடப்பிறந்த அக்கா. ஆவுடையின் கல்யாணத்தில் அத்தானுக்கு முதல் பந்தியில் இலை போடாமல் விட்டுவிட்டார்கள். வீட்டு மூத்த மாப்பிள்ளை, கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றவர், இரண்டாம் பந்தியில் உட்கார வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு வாயை மூடியவள்தான் அக்கா. அதற்குப் பிறகு வந்த ஒரு காதுகுத்து, ஒரு கிரகப்பிரவேசம், இரண்டு சாவு, எதிலும் திறக்கவில்லை. தங்கையைக் கண்டால் சுவரைப் பார்ப்பாள். சுவர் இல்லாத இடமாக இருந்தால் புடவைத் தலைப்பைப் பார்ப்பாள்.

அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவள் வந்த கையோடு தூணைப் பார்க்க ஆரம்பித்தாள்.

பென்ஷன் புரோகிராம் கேள்வி கேட்டார். ஒவ்வொரு வருஷமும் கேட்கிற அதே கேள்விதான்.

"கூடப்பிறந்தவங்க?"

ஒவ்வொரு வருஷமும் அக்கா சொல்வது, யாரும் இல்லை என்று. அதைக் கேட்டுக் கேட்டு ஆவுடையின் காது மரத்துப் போயிருந்தது. இந்தத் தடவை அக்கா கொஞ்ச நேரம் தூணைப் பார்த்தாள். பிறகு, "ஒரு தங்கச்சி உண்டு" என்றாள்.

பென்ஷன் புரோகிராம் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அக்கா மூன்றாவது வரிசைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். ஆவுடையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்கா."

"என்ன சாப்ட்டே?"

"இட்லி."

"மெலிஞ்சு போயிருக்கே."

அவ்வளவுதான் பேச்சு. ஆவுடை கவுண்டருக்குப் பின்னால் போய்ச் சுவரோடு சாய்ந்து நின்று அழுதாள். சந்தோஷத்தில் அழுதால் இப்படி மூச்சு முட்டும் என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது.

அழுது முடித்ததும் பயம் வந்தது.

காரணம் இருந்தது. பெஞ்சில் இருக்கும்போது யாராவது மாறிப்போனால், அந்த மாற்றம் கீழே போய்ச் சேரும்வரை கணக்கில் வராது. கீழே வீட்டில் இருப்பது பழைய அக்கா, சுவரைப் பார்க்கிற அக்கா. பேசுகிற அக்கா உலகத்திலேயே இந்த மூன்றாவது வரிசைப் பெஞ்சில் மட்டும்தான் இருந்தாள். அவள் எழுந்து மறைந்துவிட்டால் போயே போய்விட்டாள். அடுத்த தடவை லிப்டில் பழையவள்தான் வருவாள்.

மாறிப்போனவர்களைக் கீழே சேர்ப்பதற்கென்றே தளவாய் இருந்தார். மாறியவர்களின் முழங்கையில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை தோன்றும். அழுக்கு என்று கூடத்தில் சொல்வார்கள். தளவாய் பெஞ்சு பெஞ்சாக வந்து, அழுக்கு உள்ளவரின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போய், அவருடைய வீட்டில் உட்கார வைத்துவிட்டு வருவார். வீட்டிலிருக்கும் பழையவர் எழுந்து இடம் விடுவார். அவர் எங்கே போகிறார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கைப்பிடிக்கும் நேரத்தில் ஆள் எப்படி இருக்கிறாரோ அப்படியேதான் கீழேயும் இருப்பார். சிரிக்கும்போது பிடித்தால் சிரித்தபடி, கொட்டாவி விடும்போது பிடித்தால் கொட்டாவி விட்டபடி.

தளவாய் நல்ல மனிதர். அவசரம் என்ற ஒன்றை அவர் அறியமாட்டார். கூடத்தில் அழுக்கு கொஞ்சம் சேரட்டும் என்று காத்திருந்து வருவது அவர் வழக்கம்.

ஆவுடை அக்காவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கறை அழகாக விழுந்திருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும்.

"அக்கா, இந்த அழுக்கோட அப்படியே இரு. ஒரு அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவாரு."

அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கக் கூடாது. சண்முகவடிவு காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நடுவில் யாராவது மேலே இடித்துவிட்டால் ஒரு தடவை குளிக்கிறவள்.

"யாருகிட்ட அழுக்கு?"

"அது அந்த அழுக்கு இல்லக்கா."

"எந்த அழுக்கா இருந்தா என்னட்டி?"

அதற்குள் ஞானதுரை சார் கவுண்டரில் நின்று கூப்பிட்டார். கையில் பித்தளை மணி இருந்தது. ஆவுடை போனாள்.

"எவ்வளவு?"

"தொண்ணூத்தி எட்டு சார்."

"தலைமை அலுவலகத்துல இருந்து ரெண்டு பேர் வர்றாங்க. கூடத்தைக் காலி பண்ணப் போறேன்."

"எல்லாரையுமா சார்?"

"எல்லாரையும். அவங்க வந்து பார்க்கும்போது சும்மா பளிச்சுனு இருக்கணும்."

"அவங்க வந்து யாரையாவது கேட்டா சார்?"

"கீழே போய் எடுத்துட்டு வாங்க."

"நேரம் ஆகுமே சார்."

"ஆகட்டுமே. இடம் இருக்குல்ல."

மணியின் விஷயம் ஆவுடைக்குத் தெரியும். வரிசைக்கு முன்னால் நின்று அடித்தால், கை சுத்தமாக இருப்பவர்கள் அத்தனை பேரும் எழுந்து மறைந்துவிடுவார்கள். அழுக்கு உள்ளவர்களுக்கு மட்டும் மணிச்சத்தம் கேட்காது. அவர்கள் தளவாய் வந்து கூட்டிப் போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அக்காவுக்கு அழுக்கு இருக்கிறது, கவலை இல்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

மூன்றாவது வரிசையில் அக்கா இல்லை.

தாழ்வாரத்தின் கடைசியில் குழாயடியில் நின்றிருந்தாள். மடியிலிருந்து தேங்காய் நாரை எடுத்துவிட்டிருந்தாள். அவள் எங்கே போனாலும் மடியில் நார் இருக்கும்.

ஆவுடை ஓடினாள். அந்தத் தாழ்வாரத்துக்கு அவசரக்காரர்களைப் பிடிக்காது. அவள் ஓட ஓட நீண்டது. நடந்தாள், சுருங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தே போனாள். போய்ச் சேரும்போது அக்கா முழங்கையைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, போயிட்டு."

"போகாதேக்கா அது, யாருக்கும் போகாதே."

"நல்லாத் தேய்ச்சா எது போகாது?"

கை விளக்கி வைத்த வெண்கலப் பானையாக மின்னியது. ஆவுடைக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொள்ளும் ஜாதி அல்ல அவள். அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டுத் தளவாயைத் தேடிப் பிடித்தாள். அவர் ஒரு பெரியவரைக் கீழே கொண்டுபோவதற்காக லிப்டுக்குக் காத்திருந்தார். பெரியவர் மீசை எடுத்திருந்தார். அதுதான் அவர் மாற்றம்.

"அண்ணே, எங்க அக்காவையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போங்க."

தளவாய் வந்து அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இவங்க சுத்தமா இருக்காங்களே."

"மாறிட்டாங்கண்ணே. கையைக் கழுவிட்டாங்க."

"அது கழுவினா போகாது."

"எங்க அக்கா கழுவினா போகும்."

"நான் அழுக்கு இருக்கறவங்களைத்தான் கூட்டிட்டுப் போக முடியும், தங்கச்சி. சுத்தமானவங்களைக் கூட்டிட்டுப் போனா லிப்ட் நகராது."

"அப்ப மறுபடி அழுக்கு வந்தா?"

"வந்தா சொல்லுங்க. இவரை விட்டுட்டு வர்றேன்."

லிப்ட் வந்தது. தளவாயும் மீசை இல்லாதவரும் இறங்கிப் போனார்கள். அதே நேரம் ஞானதுரை சார் முதல் வரிசைக்கு முன்னால் போய் நின்று மணியை அடித்தார். அத்தனை பேரும் எழுந்து, சட்டையை நீவி விட்டுக்கொண்டு, மறைந்தார்கள். நெற்றியில் எண் மளமளவென்று இறங்கியது.

ஆவுடை அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், மூணாவது வரிசையில ஒருத்தரை மட்டும் விட்டுருங்க."

"ஒருத்தரை விட்டா அது காலியா?"

"கிட்டத்தட்டக் காலி சார்."

"கிட்டத்தட்டக் காலின்னு ஒண்ணு கிடையாதும்மா. தள்ளுங்க."

வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் அவர் மணியைக் கைக்குட்டையால் துடைத்தார். ஒவ்வொரு தடவையும் பக்தியோடு துடைத்தார். அவள் கையில் இருந்த நேரம் அவ்வளவுதான்.

அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் மாறு."

"என்னத்த மாற?"

"என்னமாவது. என்னைப் பாத்துச் சிரி."

அக்கா சிரித்துப் பார்த்தாள். பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை. கையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"என்னைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லு."

அக்கா யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"ஒண்ணும் தோணலட்டி."

"யோசிச்சுப் பாருக்கா."

"தங்கச்சி உண்டுன்னு சொன்னேன். சாப்ட்டியான்னு கேட்டேன். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எம்புட்டுத்தான் மாறுவா?"

நியாயமான கேள்விதான். இரண்டாவது வரிசையில் மணி அடித்தது. ஆட்கள் எழுந்தார்கள். ஞானதுரை சார் கைக்குட்டையை எடுத்தார்.

ஆவுடைக்கு அப்போது ஒன்று தோன்றியது. நல்லபடியாக மாறினால்தான் அழுக்கு விழும் என்று யாரும் சொல்லவில்லை. கோபம் வந்தாலும் மாற்றம்தான். ஆனால் கோபத்தோடு தளவாய் கையைப் பிடித்தால் கோபத்தோடுதான் கீழே உட்காருவாள். சாப்பிட்டியா என்று கேட்ட அக்கா, மெலிந்துவிட்டாய் என்ற அக்கா, இனிமேல் கிடையாது. எத்தனை வருஷம் காத்திருந்து ஒரு காலைப் பொழுது கிடைத்தது, அதையும் தன் கையாலேயே கெடுக்க வேண்டுமா?

ஒரு பக்கம் சுவரைப் பார்க்கிற அக்கா. இன்னொரு பக்கம் தன்னைப் பார்த்துத் திட்டுகிற அக்கா. திட்டுகிறவளாவது முகத்தைப் பார்த்துத்தானே திட்டுவாள். ஆவுடை முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்த பிறகு அவள் யோசிக்கிறவள் அல்ல.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அத்தானுக்கு மொத பந்தியில இலை போடாதது சரிதான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னே?"

"சரிதான்னு சொன்னேன். ரெண்டாம் பந்தியில அவிய சாப்ட்ட சாப்பாட்டை ஊரே பாத்துச்சு. மொத பந்தியில விட்டிருந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு மிஞ்சியிருக்காது."

அக்கா தலைப்பை இழுத்துச் செருகினாள். அக்காவின் முழங்கையில் ஒரு புள்ளி விழுந்தது. அது கை முழுக்கப் படர்ந்து, தோள் ஏறி, கழுத்துக்குப் போய், காது மடலைத் தொட்டது. கூடத்தில் அப்படி ஓர் அழுக்கை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

"கூறுகெட்ட மூதி" என்று அக்கா ஆரம்பித்தாள்.

மூன்றாவது வரிசைக்கு முன்னால் ஞானதுரை சார் மணியை அடித்தார். வரிசையே எழுந்து மறைந்தது. அக்காவுக்குக் கேட்கவில்லை. மணியே இல்லாவிட்டாலும் கேட்டிருக்காது. அத்தானுடைய கை எவ்வளவு சின்னது, அவர் பிடிக்கும் கவளம் எவ்வளவு சின்னது, அன்றைக்குச் சாம்பாரில் உப்பு எவ்வளவு அதிகம், அந்தச் சமையல்காரனை ஏற்பாடு செய்தவன் யார் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது. எல்லாம் இத்தனை வருஷம் உள்ளே அடுக்கி வைத்திருந்தது. ஆவுடை நடுநடுவே எண்ணெய் ஊற்றினாள். "உப்பு அதிகம்னு சொல்லிக்கிட்டே நாலு தடவை வாங்கினாரே" என்றாள். அக்காவின் நெற்றிவரை கறுத்தது.

தளவாய் மேலே வந்தார். அக்காவைப் பார்த்ததும் ஒரு வினாடி தயங்கினார்.

"இப்படியே கூட்டிட்டுப் போகவா?"

"இப்படியே."

"கொஞ்சம் ஆறினதும்..."

"ஆற விடாதீங்கண்ணே. இப்பவே பிடிங்க."

தளவாய் ஒரு கையால் அக்காவையும் மறு கையால் அழுக்கோடு மிஞ்சியிருந்த இன்னொருவரையும் பிடித்தார். அக்கா திட்டிக்கொண்டே லிப்டில் ஏறினாள். கதவு மூடும்போது அவள், "மிஞ்சியிருக்காதுன்னா சொல்லுதே, எவளுக்குட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மீதியைக் கதவு கேட்க விடவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காலில் ஒரே மாதிரி ஷூ. கூடத்தைப் பார்த்து அசந்து நின்றுவிட்டார்கள்.

"எவ்வளவு காலி" என்றார் ஒருவர்.

"இதை விடக் காலியா நான் பார்த்ததில்லை" என்றார் மற்றவர்.

ஞானதுரை சாரின் நெற்றியில் பூஜ்யம் பச்சையாக நின்றது. அவர் ஆவுடையைக் கேட்கவில்லை. வந்தவர்கள் பார்க்கும் பார்வையிலேயே தெரிந்துகொண்டார்.

இதற்கிடையில் கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கூப்பிட்ட ஒவ்வொரு பெயருக்கும் கீழே போய் வர வேண்டியிருந்தது. வரிசை வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, இன்னொரு கட்டடத்துக்குள் நுழைந்து அங்கே இருந்தவர்களைத் தொந்தரவு செய்தது. சம்பளப் புரோகிராம் தரையில் உட்கார்ந்து தூங்கிவிட்டார். வந்த இருவரும் அதையும் பார்த்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வேலை தாமதமாகிறது, ஆகவே இன்னொரு கூடம் கட்ட வேண்டும், அதையும் இதே போல் காலியாக வைத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஞானதுரை சார் கைகூப்பினார்.

ஆவுடைக்கு இது எதிலும் மனம் ஒட்டவில்லை. தளவாய் இன்னும் மேலே வரவில்லை. அக்கா வீட்டில் சரியாக உட்கார்ந்தாளா, பாதி வழியில் வாயை மூடிவிட்டாளா, ஒன்றும் தெரியாது. கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு யாரையும் மேலே அழைக்க முடியாது. ஒரு புரோகிராம் கேட்டால்தான் உண்டு. அவள் கவுண்டரை விட்டு நகராமல் நின்றாள். வருகிறவர்களின் வாயையே பார்த்தாள். யார் யாரோ யார் யாரையோ கேட்டார்கள்.

ஊதாச் சட்டை போட்ட ரேஷன் புரோகிராம் வந்தார். "சண்முகவடிவு" என்றார்.

"நானே போறேன்" என்றாள் ஆவுடை. மேற்பார்வை செய்கிறவர்கள் கீழே போகும் வழக்கம் இல்லை. அவள் போனாள்.

லிப்ட் வாசலில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. வீடுகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. மீசை எடுத்த பெரியவர் வாசலில் நின்று மேலுதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் தளவாய் அந்த இன்னொருவரை நாற்காலியில் உட்கார வைக்கப் போராடிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்பதற்குள் அந்த வீடு போய்விட்டது.

அக்காவின் வீடு வந்தது. அக்கா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

ஆவுடைக்கு உயிரே இல்லை. வீடு நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஓரடி போனால் அடுத்த வீடு வந்துவிடும். அவள் லிப்டை விட்டு இறங்கி, சுற்றுகிற ஊரின் ஓரமாகவே, வீட்டுக்கு இணையாக நடந்தாள். "அக்கா" என்றாள்.

அக்கா சுவரிலிருந்த பல்லியை விரட்டி முடித்துவிட்டுத் திரும்பினாள். ஆவுடையின் முகத்தைப் பார்த்தாள். நன்றாக மூச்சை இழுத்தாள்.

"எவளுக்குட்டி மிஞ்சியிருக்காது? உன் மாமியாருக்கா? அவ கட்டி எடுத்துட்டுப் போனதை நான் பாக்கலன்னு நினைச்சியா?"

அங்கிருந்து ஒன்றும் நிற்கவில்லை. மாமியாரிலிருந்து நாத்தனாருக்கு வந்து, நாத்தனாரிடமிருந்து பந்தல்காரனுக்குப் போனது. ஊர் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி லிப்ட் வாசலுக்கு வந்தது. ஆவுடை அக்காவின் கையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது, துடைக்கவில்லை.

அக்கா பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தாள்.

"நான் இங்க தொண்டை வத்தக் கத்திக்கிட்டு இருக்கேன். நீ என்னட்டி அழுதுகிட்டே இளிக்கே?"

"ஒண்ணுமில்லக்கா. நீ பேசு" என்றாள் ஆவுடை.